பாலசந்தர் கட்சியும் மகேந்திரன் கட்சியும்

சிங்கப்பூரில் எங்கள் வட்டத்தில் சினிமாப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடும்: ஒன்று கே. பாலசந்தர் கட்சி, மற்றொன்று மகேந்திரன் கட்சி. மணிரத்னத்தையோ வெற்றிமாறனையோ முன்வைத்துப் பேசத் தொடங்குகிறவர்களும், கொஞ்சம் கிளறிப் பார்த்தால், இந்த இரண்டில் ஒன்றன் பக்கம்தான் நிற்கிறார்கள். படத்தைக் காதால் பார்க்கிறவர்கள் முதல் கட்சி. கண்ணால் பார்க்கிறவர்கள் இரண்டாவது கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுநிலையை இந்தப் பதிவில் யாரும் தேட வேண்டாம்.

முதல் கட்சியின் தலைவர் என் பெரியப்பா. வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்து, இளவயதில் இங்குள்ள மேடைகளில் நடித்தும் பழகியவருக்குப் பாலசந்தரைப் பிடிக்காமல் போனால்தான் வியப்பு. கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதி, 1965-இல் ‘நீர்க்குமிழி’ மூலம் இயக்குநரான அவருடைய படங்களில் மேடையின் வாசனை கடைசிவரை போகவில்லை என்பதை நான் குறையாகச் சொல்வேன். பெரியப்பாவோ அதையே பெருமையாகச் சொல்வார். ‘இரு கோடுகள்’ படத்தில் ஒரு கோட்டை அழிக்காமலே சிறிதாக்க அதன் பக்கத்தில் பெரிய கோடு ஒன்றை வரையும் உத்தியை, தேக்கா உணவங்காடியின் மேசைமீது தேத்தண்ணீரில் விரலை நனைத்து வரைந்து காட்டி, “இதைவிட எளிமையாக ஒரு பெண்ணின் துயரத்தை யார் சொன்னார்கள், தம்பி?” என்று கேட்பார். உண்மைதான், ஆனால் அதைச் சொல்லத்தான் செய்தார், காட்டினாரா என்பது என் கேள்வி.

சிங்கப்பூரில் பாலசந்தர் கட்சிக்குக் கூடுதல் பலம் ஒன்று உண்டு. கமலும் ரஜினியும் நடித்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காக அவர் இங்கே வந்து படம்பிடித்தார். தாங்கள் தினமும் நடந்த ஊரைத் திரையில் பார்த்த தலைமுறைக்கு அந்தப் படத்தின் மீதுள்ள பாசத்தை விமர்சனத்தால் அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டியதில்லை. படம் வெளிவந்த ஆண்டு 1979. அதே ஆண்டில்தான் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளும் வந்தது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவேன், ஒவ்வொரு முறையும் பெரியப்பா அதைக் காதில் வாங்காதவர்போலத் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருப்பார்.

மகேந்திரனிடம் எனக்குப் பிடித்த முரண், அவர் வசனகர்த்தாவாக இருந்து இயக்குநரானவர் என்பது. சிவாஜி கணேசனுக்காகத் ‘தங்கப்பதக்கம்’ எழுதிய கை அது. தன்னால் எதை எளிதாகச் செய்ய முடியுமோ அதையே வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு 1978-இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தார். அதன் கடைசிக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அண்ணனின் விருப்பத்தை மீறி, தான் விரும்பிய பொறியாளரைத் திருமணம் செய்துகொள்ளப் புறப்பட்ட வள்ளி, பாதி வழியில் மனம் பொறுக்காமல் திரும்பி ஓடிவந்து காளியைக் கட்டிக்கொள்கிறாள். ஒரு கையை இழந்த அந்த மனிதன், ஊரார் அத்தனை பேருக்கும் முன்னால் தங்கை தன்னைத்தான் பெரிதாக நினைத்தாள் என்ற பெருமிதத்திலேயே அவளைப் பொறியாளருக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறான். ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான். அந்தக் காலத்தின் வேறு எந்தப் படமாக இருந்தாலும் அண்ணன் கண்ணீர்விட்டுத் திருந்தியிருப்பான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டிருப்பான். காளி திருந்தவில்லை, அவனுடைய கர்வமே அங்கே அன்பாக வெளிப்படுகிறது.

இதை நான் நீட்டி முழக்கிச் சொல்லி முடித்ததும் பெரியப்பா ஒரே வரியில் மடக்கினார்: “நீ சொன்ன இடத்தில் உன் தொண்டையை அடைப்பது வசனம்தானே, தம்பி?”

நல்ல அடி. உடனே பதில் வரவில்லை. யோசித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான்: பாலசந்தரின் பாத்திரங்கள் தங்களை விளக்கிக்கொள்வதற்காகப் பேசுகின்றன, காளியின் கடைசி வரியோ எதையும் விளக்க மறுக்கிறது. அதுவரை படம் நமக்குக் காட்டியிருக்கும் முகங்கள் இல்லாமல் அந்த வரியை மட்டும் மேடையில் பேசினால் அது வெறும் திமிராகத்தான் கேட்கும். இதை ஒப்புக்கொள்ள மறுத்த பெரியப்பாவுக்கு எங்கள் கட்சியிலிருந்தே ஆதரவு கிடைத்ததுதான் வேடிக்கை. ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்கும் பந்தயக் காட்சி இருக்கிறதே, வென்றால் கார், தோற்றால் விரல் போகும் என்ற அந்தக் காட்சியில் நம் நெஞ்சு அடித்துக்கொள்வது பேச்சாலா என்று என் அக்காள் மகள் கேட்டாள். இல்லைதான். பாலசந்தருக்குக் கண் இல்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அதை அவர் அதிகம் நம்பவில்லை என்றுதான் சொல்கிறேன்.

எங்களோடு உட்காரும் இன்னொருவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த பொறியாளர். அவர் இரண்டு கட்சிக்கும் பகைவர். “மகேந்திரன் மகேந்திரன் என்கிறீர்களே அண்ணே, ‘முள்ளும் மலரும்’ படத்துக்குக் கேமரா பாலு மகேந்திரா, இசை இளையராஜா. பாதிப் புகழை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்” என்பார். இயக்குநர் சண்டைகளில் பெரும்பாலும் மறந்துபோகும் நியாயம் இது. பலர் கூடிச் செய்த வேலையை ஒருவர் பெயரில் எழுதிவிட்டு அந்தப் பெயருக்காக நாம் மல்லுக்கட்டுகிறோம். ஆனால் அடுத்த ஆண்டே ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் மாறி அசோக்குமார் வந்தார், கதை புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது, நாயகனும் நாயகியும் வேறு. இத்தனை மாறியும் அந்த நிதானம் மாறவில்லை. ஊரே சேர்ந்து ஒருவனை ஆற்றுக்குள் இறங்கவைக்கும் முடிவில்கூடக் குரல் உயரவில்லை. அந்த நிதானத்துக்கு உரியவர் இயக்குநர்தான் என்று நான் வாதிட்டேன். இளையராஜா இரண்டு படத்திலும் இருந்தாரே என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அக்காள் மகளின் நாயகர் தியாகராஜன் குமாரராஜா. 2011-இல் ‘ஆரண்ய காண்டம்’, 2019-இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ என்று நிதானமாகப் படம் எடுக்கும் அவரைப் பற்றி அவள் பேசினால் நிறுத்த மாட்டாள். வீட்டில் ஆங்கிலமும் தமிழும் கலந்து புழங்கி வளர்ந்த அவளுக்குப் பாலசந்தர் படங்களின் வேகமான பேச்சைப் பின்தொடர்வது சிரமமாக இருக்கிறது. மகேந்திரன் படங்கள் அவளுக்கு உடனே பிடித்துப்போயின. இதை என் கட்சியின் வெற்றியாகக் கொண்டாட நினைத்தேன். “தாத்தா பேசிக் காட்டும்போது பாலசந்தர்தான் நன்றாக இருக்கிறார், மாமா” என்று சொல்லிக் கெடுத்துவிட்டாள்.

எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு ‘மை மேஜிக்’. சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ பெரும்பகுதி தமிழ் வசனத்துடன் எடுத்த இந்தப் படம் 2008-இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. குடிகாரனாகிப்போன மந்திரவாதி ஒருவன், கண்ணாடியை மென்றும் நெருப்பை விழுங்கியும் தன் மகனை மீட்டுக்கொள்ளப் பார்க்கும் கதை. போஸ்கோ ஃபிரான்சிஸின் கனத்த உடம்பும் களைத்த முகமும் சொல்வதற்கு மேல் வசனம் அங்கே தேவைப்படவில்லை. சீன வம்சாவளி இயக்குநர் ஒருவர் எடுத்தது எப்படித் தமிழ்ப் படமாகும் என்று பெரியப்பா கேட்கிறார். வங்காளத்திலிருந்து வந்த பானி மஜும்தார் 1956-இல் இங்கே ‘ஹாங் துவா’வை எடுத்தார், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் மலாய் நடிகர் பி. ராம்லியை வைத்து 1950-இல் ‘பக்தி’ எடுத்தார். அவை மலாய்ப் படங்கள் இல்லையா என்று நான் கேட்கிறேன்.

பெரியப்பா அதற்குப் பதில் சொல்லாமல், அடுத்து எல்லோரும் சேர்ந்து ‘தண்ணீர் தண்ணீர்’ பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். பாலசந்தர் 1981-இல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து எடுத்தது. நாடகத்திலிருந்து வந்த படம் என்பதால் என் பக்கம் சாதகம் என்று பொறியாளர் நினைக்கிறார். அந்தப் படத்தின் வெடித்த மண்ணும் குடத்தோடு நடக்கும் சரிதாவும் அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.