நிமிடத்துக்கு நிமிடம் கைமாறிய கோர்

மாதக் கடைசி. சம்பளப் பட்டியல் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இரவுப் பணி எனக்கு. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, இரண்டு மணி நேரமாகியும் பாதியைத் தாண்டவில்லை. சர்வரில் எட்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் எட்டு செயலிகள். சிபியு பயன்பாடு 65 சதவீதம்தான். மெமரி தாராளமாக இருந்தது, டிஸ்க்குக்கான காத்திருப்பும் இல்லை. மேலாளர் போனில், "எட்டு கோர் பத்தல போல, பதினாறாக்கிடலாமா?" என்றார். "பத்து நிமிஷம் கொடுங்க சார்" என்றேன்.

சர்வரின் நிலையை எண்களாகக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டேன். முதல் வரியில் 'சிஎஸ்' (கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச், அதாவது கோர் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது) என்ற தலைப்பின் கீழ் 11,000. அடுத்த வரியிலிருந்து 1,60,000. முதல் வரி, சர்வர் கடைசியாக பூட் ஆனதிலிருந்தான சராசரி; அதைக் கண்டுகொள்ளாதே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த வரிதான் கைகொடுத்தது. விநாடிக்கு 1,60,000 கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்பது அதிகமா, குறைவா என்று தனியாகச் சொல்ல முடியாது. இந்த சர்வரின் வழக்கம் 11,000 என்று தெரிந்த பிறகுதான் அது பெரிய எண். கூடவே சிபியு நேரத்தில் பாதிக்கு மேல் நிரலுக்குப் போகாமல் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஒரே தோசைக்கல்லில் முட்டை தோசை எடுத்ததும் சாதா கேட்டால், தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும், கல் மறுபடி சூடேற வேண்டும். கோரும் அப்படித்தான். நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழைதான் திரெட். அதன் ரெஜிஸ்டர்களை, அதாவது கோர் கையில் வைத்திருக்கும் மதிப்புகளை, எடுத்து வைத்து இன்னொன்றின் நிலையை ஏற்றச் சில மைக்ரோ விநாடிதான் ஆகும். ஆனால் கேஷில், அதாவது கோருக்குப் பக்கத்திலுள்ள வேகமான சிறு நினைவகத்தில், சூடாக இருந்த தரவு புதிதாக வந்த திரெட்டுக்குப் பெரும்பாலும் உதவாது. அந்த இழப்பு எந்த டாஷ்போர்டிலும் தனியாகத் தெரியாது.

அந்த ஜாவா ப்ராசஸில் 400 திரெட்டுகள். எட்டு கோருக்கு 400 பேர் அடித்துக்கொள்கிறார்கள், திரெட் எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ப்ராசஸ் வாரியாகக் கணக்குக் காட்டும் பிட்ஸ்டாட்டில் ஸ்விட்ச் கணக்கைப் பார்த்தால், அந்த ப்ராசஸுக்கு நேராகக் கிட்டத்தட்ட பூஜ்யம்! குழம்பிப்போனேன். பக்கத்து இருக்கை அண்ணன் எட்டிப் பார்த்து, "மெயின் திரெட்டோட கணக்கு மட்டும்தான் வருது தம்பி, திரெட் திரெட்டா கேளு" என்றார். கேட்டதும் திரை நிறைய வரிகள் கொட்டின.

ஒரு திரெட் கோரை விட்டு இறங்க இரண்டு வழி உண்டு. பூட்டுக்கோ (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) தரவுக்கோ காத்திருக்க வேண்டி வந்து தானே இறங்குவது ஒன்று. இன்னும் வேலை இருக்கும்போதே, உன் நேரம் முடிந்தது என்று கெர்னல் இறக்கிவிடுவது மற்றொன்று. பிட்ஸ்டாட் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். நான் நினைத்தபடி கோருக்கான அடிதடி என்றால் இரண்டாவதுதான் எகிறியிருக்க வேண்டும். அது ஒற்றை இலக்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு திரெட்டும் விநாடிக்கு 400 தடவை தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் எதற்காகவோ காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜாவா திரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக்கை எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலான திரெட்டுகள் ஒரே பூட்டின் வாசலில், நிரலின் நடவடிக்கைகளைப் பதியும் லாக் கோப்பில் எழுத வரிசையில் நின்றன. முந்தைய வாரம் ஏதோ சோதனைக்காக ஒவ்வொரு சிறு அடியையும் பதியும் டீபக் லாக்கை இயக்கியவர்கள் அதை நிறுத்த மறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊழியர் கணக்குக்கும் நூற்றுக்கணக்கான வரிகள், எல்லாம் ஒரே பூட்டு வழியாக. பதினாறு கோர் கொடுத்திருந்தால் அந்த வாசலில் நெரிசல்தான் கூடியிருக்கும்.

நிரலை நிறுத்தாமலே எவ்வளவு விரிவாக லாக் எழுதுவது என்பதை மாற்றும் வசதி இருந்தது. மாற்றினோம். சிஎஸ் 1,60,000-லிருந்து 13,000-க்கு இறங்கியதை நாங்கள் இருவரும் நின்றுகொண்டே பார்த்தோம். மீதிப் பட்டியல் கால் மணி நேரத்தில் முடிந்தது.

இப்போதெல்லாம் எந்த சர்வர் என் பொறுப்புக்கு வந்தாலும், அமைதியான ஒரு மதிய நேரத்தில் அதன் சிஎஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். மாதக் கடைசி இரவுக்குத் தனியாக ஒரு வரி.