தம்பியின் அழைப்பை நானே துண்டித்தேன்

2023 ஜூன் 2 இரவு, கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒடிசாவின் பஹானகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தடம் புரண்ட செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. கொல்கத்தா பக்கம் வெல்டிங் வேலைக்குப் போயிருந்த என் தம்பி அன்று பிற்பகல் ஷாலிமாரில் அந்த வண்டியில்தான் ஏறியிருந்தான்.

அவனுடைய கைப்பேசி அணைந்திருந்தது. உதவி எண் பத்து முறைக்கு ஒன்பது முறை பிஸியாகவே இருந்தது. பதினோரு மணிக்கு ஒருவழியாகக் கிடைத்தவர் முதலில் கேட்டது பிஎன்ஆர் எண்ணை. பயணச்சீட்டு எடுத்தவர் காண்டிராக்டர். முன்பதிவில் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணும் அவருடையதே. அவரோ போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பெயரை வைத்துத் தேடித் தரும்படி எவ்வளவோ கெஞ்சியும், பட்டியல் வரும் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பட்டியல் வந்தாலும் அதில் முன்பதிவு செய்தவர்கள் பெயர் மட்டுமே இருக்கும், எஞ்சினை ஒட்டியிருந்த பொதுப் பெட்டிகளில் போனவர்களுக்கு அதுவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியூர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பயணச்சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறட்டும்.

நேரில் கேட்டால் ஏதாவது தெரியும் என்று நள்ளிரவில் பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு ரயில் நிலையத்துக்குப் போனேன். விசாரணையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மூன்று மணி நேரமாக நான் அடித்துக்கொண்டிருந்த அதே எண்தான் அதில் இருந்தது.

இரவில் ஐம்பது என்று சொன்ன இறந்தவர்களின் எண்ணிக்கை விடியும்போது இருநூறைத் தாண்டியிருந்தது. "எய்யா, கணக்கு ஏறிக்கிட்டே போகுதே, நம்ம பிள்ள போன் மட்டும் ஏன் அடிக்க மாட்டேங்கு?" என்று அம்மா கேட்டபோது தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

இதில் என் பிழைதான் பெரியது. உதவி எண்ணை அடித்துக்கொண்டிருந்த இரவில் புதிய எண் ஒன்று இரண்டு முறை குறுக்கே வந்தது. புரியாத எழுத்தில் பெயர் தெரிந்ததால், கடன் விற்பவர்கள் என்று எண்ணி இரண்டு முறையும் துண்டித்தேன். இந்த நேரத்தில் யார் கடன் விற்பார்கள் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. விடிந்த பிறகு, பக்கத்து வீட்டு ராணுவ மாமா அழைப்புப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒடிசா நம்பராத்தான் இருக்கும், திருப்பி அடி" என்றார். அடித்ததும் மறுமுனையில் இந்தியில் பேசினார்கள். மாமா வாங்கிப் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறியது. கையால் அம்மாவை அழைத்தார். பெட்டியிலிருந்து இறங்க உதவிய அவ்வூர்க்காரர் ஒருவரின் போன் அது. தம்பிக்கு நெற்றியில் ஏழு தையல். அவனுக்கு மனப்பாடமாக இருந்தது என் எண் ஒன்றுதான். அந்த எண்ணைத்தான் நான் இரவு முழுவதும் அடைத்து வைத்திருந்தேன். ஒரு போனையாவது யாரும் தொடாமல் சும்மா வைத்திருங்கள். தெரியாத எண் எது வந்தாலும் எடுங்கள்.

ஞாயிறு அதிகாலை சிறப்பு ரயிலில் சென்னைக்கும், மறுநாள் காலை வீட்டுக்கும் வந்து சேர்ந்தான்.

அன்று அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உதவி மையத்திலிருந்து அழைப்பு வந்தது. தம்பியைப் பற்றித் தகவல் ஏதும் கிடைத்ததா என்று என்னிடமே கேட்டார்கள். போனை அவனிடம் நீட்டினேன்.