கப்பாவும் இல்லை, லாம்டாவும் இல்லை

காமா ஹெவி செயின் நோய் என்ற அரிய ரத்தநோய் எனக்கு இருப்பது தெரியவந்த கதை இது. உள்நாக்கு வீங்கியதில்தான் எல்லாம் தொடங்கியது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது, மேலண்ணம் தடித்துப்போய் எச்சில் விழுங்கவே சிரமம், தொண்டைத் தொற்று என்று சொல்லி இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எனக்கு ஏற்கெனவே பல வருடமாக முடக்குவாதம் உண்டு. அதனால் அசதி, ரத்தசோகை என்று எதைச் சொன்னாலும் பழி அதன் மேல்தான் விழும், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ரத்தநோய் மருத்துவர்தான் வயிற்றை அழுத்திப் பார்த்து, மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று சொல்லி, ரத்தத்தில் உள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் புரத எலக்ட்ரோஃபோரசிஸ் எழுதிக்கொடுத்தார். ஒரே வகைப் புரதம் கூடினால் வரும் கூரான சிகரம் எதுவும் அதில் வரவில்லை. அகலமாக ஒரு மேடு, கீழே 'அழற்சியாக இருக்கலாம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள் அலைந்திருப்பேனோ, நல்லவேளை அவர், கிருமிகளை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடிகளை வகை பிரித்துக் காட்டும் இம்யூனோஃபிக்ஸேஷனும் கேட்டார்.

அந்த ஜெல் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஆறு தடங்கள், அதில் ஜி என்ற ஆன்டிபாடி வகைக்கான தடத்தில் மை கொட்டியது போல அகலமான கருப்புப் பட்டை. சாதாரணமாக அதற்கு நேரே கப்பாவிலோ லாம்டாவிலோ ஜோடிப் பட்டை இருக்கவேண்டுமாம். இரண்டிலும் ஒன்றுமே இல்லை, வெறும் மங்கல். லேப்பில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ரத்தம் கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவையும் அதே படம், சிறுநீரிலும் அதே ஜி மட்டும்.

மருத்துவர் விளக்கியது இது. ஒரு ஆன்டிபாடி என்பது இரண்டு ஹெவி செயினும் (கனமான சங்கிலி) இரண்டு லைட் செயினும் (இலேசான சங்கிலி, கப்பா அல்லது லாம்டா வகை) சேர்ந்தது. லைட் செயின் வந்து ஒட்டும்வரை ஹெவி செயினை வெளியே விடாமல், அதன் சிஹெச்1 என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் ஒரு புரதம் காவல் நிற்கும். என் உடம்பில் ஒரு செல் கூட்டம் தயாரிப்பதோ அந்தப் பகுதியே இல்லாத குட்டை ஹெவி செயின். பிடிக்கக் காது இல்லாத பாத்திரம் மாதிரி, காவலுக்குச் சிக்காமல் தனியாக ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. லைட் செயினே இதில் சேராததால், தனி லைட் செயின் பரிசோதனையை மட்டும் நம்பினால் இது தெரியாமலே போகலாம்.

ஜி வகையின் ஹெவி செயினுக்குக் காமா என்று பெயர், அதனால்தான் இது காமா ஹெவி செயின் நோய். ஃபிராங்க்ளின் என்ற மருத்துவர் 1964இல் முதலில் விவரித்தது. இதற்குக் குடலைப் பிடிக்கும் ஆல்ஃபா, இன்னும் அரிதான மியூ என்று உறவுக்காரர்கள் உண்டு.

நெறியிலும் எலும்பு மஜ்ஜையிலும் சதை எடுத்துப் பார்த்தார்கள் (மஜ்ஜை எடுக்கும்போது வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்). தொந்தரவே இல்லாதவர்களைச் சும்மா கண்காணிப்பதும் உண்டாம், எனக்கு அந்த யோகம் இல்லை. செல்களின் மேல் சிடி20 என்ற புரதம் இருந்ததால், அதைக் குறிவைக்கும் ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், வாரம் ஒன்றாக நான்கு. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். முதல் தடவை ஒரு மணி நேரத்திலேயே பல் கிட்டிக்கொள்ளும் குளிர், நிறுத்தி நிறுத்தி ஏற்றியதில் பகல் முழுக்கப் போய்விட்டது. மற்ற மூன்றும் சாதாரணமாகவே போயின.

உள்நாக்கு வடிந்துவிட்டது. ஜெல்லில் பட்டை மெலிந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. இப்போதெல்லாம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் நோயின் பெயரை முழுதாக எழுதச் சொல்லிவிடுகிறேன். போன தடவை மறந்துவிட்டேன், மறுநாளே லேப்பிலிருந்து போன், "சாம்பிள்ல ஏதோ கோளாறு, மறுபடி வரமுடியுமா?"