இந்தப் பக்கம் யாருடைய கேள்விக்கு?

இணையதளத்துக்கு எழுதக் கத்துக்கணும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உடனே எழுத உட்காராதீர்கள், ஏற்கெனவே இருக்கிற பக்கங்களைக் கணக்கெடுங்கள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பக்கத்தின் முகவரி, தலைப்பு, கடைசியாக எப்போது திருத்தினார்கள், யார் பொறுப்பு, அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமாக, யாருடைய எந்தக் கேள்விக்கு இந்தப் பக்கம் பதில் சொல்கிறது. அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே நிற்கும் பக்கங்கள் நிறைய இருக்கும். ஒரே கேள்விக்கு நாலு பக்கங்கள் நாலு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். அலுப்பான வேலைதான், ஆனால் திட்டமிடுவதில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

கேள்விகளை நாமாக யோசித்து உருவாக்க வேண்டியதில்லை. கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் மக்கள் எதைத் தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம், தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் என்ன அடித்தார்கள் என்றும் பார்க்கலாம், அதைவிட நல்லது தினமும் போன் எடுத்துப் பதில் சொல்பவரிடம் போய்க் கேட்பது. நாம் 'கட்டணம் திருப்பியளிக்கும் கொள்கை' என்று தலைப்பு வைத்திருப்போம், அவர்கள் 'பணம் திரும்பக் கிடைக்குமா' என்று தேடியிருப்பார்கள். அவர்கள் கேட்டதையே தலைப்பாக வையுங்கள்.

இனி எழுதுவது. 1997-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கம் ஒன்றைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள், 16 சதவீதம் பேர்தான் வரிக்கு வரி படித்தார்கள். அதனால் செய்தியாளர்களின் தலைகீழ் பிரமிடு முறை இங்கே அப்படியே பொருந்தும், பதில் முதல் வரியில், விளக்கம் பிறகு. 2006-இல் அவருடைய குழு கண்ணசைவை ஆராய்ந்தபோது பார்வை ஆங்கில எஃப் (F) எழுத்து வடிவத்தில், அதாவது மேலே ஓரிரு வரிகள் குறுக்காக, பிறகு இடது ஓரமாகவே கீழே, நகர்வதைக் கண்டார்கள். அந்த வடிவத்துக்கு ஏற்றபடி எழுதச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, துணைத்தலைப்பே இல்லாமல் நீண்டு கிடக்கும் எழுத்தில்தான் கண் அப்படி அலைகிறது. சரியான துணைத்தலைப்புகள் இருந்தால் தேவையான இடத்துக்கு நேராகப் போய்விடும்.

எடிட்டிங்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 'வாடிக்கையாளர்களின் வசதியைக் கருத்தில் கொண்டு விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கும் நடைமுறை இணையவழிக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறதா? 'இனி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.' அவ்வளவுதான் விஷயம். வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வெட்டுங்கள். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று லிங்க் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்வையற்றவர்கள் பலர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் லிங்க்குகளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டுக் கேட்பார்கள், அங்கே 'இங்கே, இங்கே, இங்கே' என்று வந்தால் அவர்கள் எதைத் திறப்பது? 'விண்ணப்பப் படிவம்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

பக்கத்தை வெளியிட்டதும் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டுக்குத் திரும்பிப் போய், மறுபடி எப்போது சரிபார்க்க வேண்டும் என்று ஒரு தேதி போட்டுவிடுங்கள். அந்தத் தேதியில் பார்க்கும்போது யாருக்கும் தேவைப்படாத பக்கம் என்று தெரிந்தால் தயங்காமல் நீக்கலாம், அதே விஷயத்தைச் சொல்லும் வேறு பக்கம் இருந்தால் பழைய முகவரிக்கு வருபவர்கள் அங்கே போய்ச் சேரும்படி 301 ரீடைரக்ட் வைத்துவிட்டு.