களை பிடுங்கினால் கூட்டு

தொட்டியில் மல்லிச்செடியைச் சுற்றி, செங்கல் இடுக்கில், எங்கு பார்த்தாலும் பருப்புக்கீரைதான். பிடுங்கி ஓரமாகப் போட்டாலும் லேசில் சாகாது, ஈரம் பட்டால் அந்தத் தண்டே மறுபடி வேர்விட்டுக்கொள்ளும். அதனால் நான் பிடுங்கிப் போடுவதை விட்டுவிட்டுச் சமைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சிவந்த சதைப்பற்றான தண்டு, தடித்த சின்ன இலை, மஞ்சள் பூ. சந்தேகம் இருந்தால் தண்டைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி மாதிரி வேறு செடி.

காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும். தண்ணீர் குறைவான வெயில் காலத்தில் இந்தச் செடி ராத்திரியில்தான் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கிறது, பகலில் அதைச் செலவழிக்கிறது, அதனால் சாயங்காலம் பறித்தால் புளிப்பு குறைந்திருக்கும். பாசிப்பருப்பு, பூண்டு, சீரகம் போட்டுக் கூட்டு வைத்தால் லேசாக வழவழப்பு வரும், அது எனக்குப் பிடிக்கும். துருக்கியில் தயிரோடு பச்சையாகவே கலந்து சாப்பிடுகிறார்கள்.

உடல் சூட்டுக்கு நல்லது என்பார்கள், வேர்க்குருவுக்கு அரைத்துப் பூசுவதும் உண்டு. கீரைகளில் அரிதான ஒமேகா-3 கொழுப்பு இதில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற உப்பும் அதிகம், சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். அப்புறம், களைக்கொல்லி அடித்த இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள்.