150 வெள்ளி வாசல், 20 வெள்ளி மேசை

சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் சூதாட்டக்கூடத்துக்குள் போக வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வழி, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேறு வழி. வேலை அனுமதியில் இருந்தவரை நான் வெளிநாட்டுக்காரன். 21 வயது ஆகியிருந்தால் போதும், பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுச் சும்மா உள்ளே போய்விடலாம். ஊரிலிருந்து யார் வந்தாலும் மெர்லயன், தேக்கா, முஸ்தபா எல்லாம் முடித்த பிறகு, "மேல கப்பல் வச்ச கட்டடத்துக்குள்ள என்னதான் இருக்கு, அதையும் காட்டிடு" என்பார்கள். கூட்டிப்போவேன்.

அங்கே எனக்குப் பிடித்த மேசை மூன்று சீட்டு போக்கர். நம் ஊர் மூணு சீட்டு ஆடியவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். இதிலும் கலரைவிட (மூன்றும் ஒரே சின்னம்) ரன் (அடுத்தடுத்த எண்கள்) பெரியது. ஆனால் மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் நம் ஊரில் அதுதான் உச்சம். இங்கே ஒரே கலரில் வரும் ரன் அதையும் அடித்துவிடும். அப்புறம், எதிரே இருப்பது கூடத்தின் டீலர். அவர் கையில் ராணியாவது இல்லையென்றால் அந்த ஆட்டத்துக்கே அவர் தகுதியில்லை. நம் முகத்தைப் பார்த்து அவர் எதையும் முடிவு செய்வதில்லை, அதனால் பொய் சொல்லி மிரட்டவும் வழியில்லை. சீட்டாட்டத்தில் பாதி ருசியே அதில்தானே இருக்கிறது.

நிரந்தரவாசி அட்டை கைக்கு வந்ததும் என் வழி மாறியது. இந்தப் பக்கம் 24 மணி நேரத்துக்கு நுழைவுக் கட்டணம் 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக்கூடங்களும் 2010இல் திறந்தபோது 100 வெள்ளியாக இருந்தது, 2019 ஏப்ரலில் ஏற்றினார்கள். ஆண்டுக்கட்டணம் 3,000. இந்தக் கட்டணம் டோட் போர்டு என்ற அரசு வாரியம் வழியாகப் பொதுக்காரியங்களுக்குப் போகிறது. 50 வெள்ளி வைத்துப் பொழுதுபோக்காக ஆட நினைப்பவன் முதல் சீட்டைப் பார்ப்பதற்குள் அதைப்போல மூன்று மடங்கு கொடுத்தாக வேண்டும். பெரிய கைக்காரருக்கு இது டாக்சிக் காசு. என்னைப் போன்ற சில்லறை ஆட்டக்காரனைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. குடும்பத்தார் விண்ணப்பித்தே ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் இங்கே சட்டத்தில் இடமுண்டு. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று சொன்ன கையோடு, உள்ளே வர 150 கொடு என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஆக, ஆட்டம் ஈசூனில் இருக்கும் மன்னார்குடி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் உட்கார்ந்து ஆடலாம். நடத்துகிறவர் அதில் லாபம் பார்க்கக் கூடாது. இதே ஆட்களே ஆனாலும் ஆன்லைனில் கூடிக் காசு வைத்து ஆடக் கூடாது. அண்ணன் லாபம் பார்ப்பதா? மட்டன் வாங்கியே அவருக்கு நஷ்டம்.

சீனப் புத்தாண்டு விடுமுறைதான் தோதான நாள். எல்லோருக்கும் லீவு. எதிர்வீட்டில் காலையிலேயே மாஜோங் கட்டைகள் உருளும். ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர்: கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. தலைக்கு 20 வெள்ளி, பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடும் காசு) 10 காசு, 20 காசு. ஈப்போவிலிருந்து வந்த ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன், அண்ணன், நான். அண்ணி ஆடமாட்டார். ஆனால் பின்னால் வந்து நின்று யார் கையையாவது பார்த்துவிட்டு "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" எத்தனையோ கைகளைக் கெடுத்திருக்கிறது.

இந்த வருடத்து ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஏழு வந்தது. கையில் ஜோடி இருந்தால், ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில்) மூன்றாவது ஏழு விழ ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு வாய்ப்பு. விழுந்தது. ஆட்டின் (ஹார்ட்) ஏழு, ஸ்பேட் ஜாக்கி, ஸ்பேட் நாலு. ஒரு வெள்ளி வைத்தேன். தம்பியும் ஈப்போக்காரரும் கூடவே வந்தார்கள். அடுத்து ஸ்பேட் ஒன்பது. ஈப்போக்காரர் தே ஓ (பால் இல்லாத டீ) கிளாஸைக் கீழே வைத்தார். அவர் கிளாஸை வைத்தால் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இது அவரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று வெள்ளி தள்ளினார். தம்பி சீட்டைக் கவிழ்த்துவிட்டான். அவரிடம் ஸ்பேட் ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஸ்பேட்) என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நியாயமாக நானும் கவிழ்த்திருக்கலாம். ஆனால் நடுவில் இருக்கும் சீட்டில் ஒன்று ஜோடியானாலும் எனக்கு ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண் மூன்றும் கூடவே ஒரு ஜோடியும். அது ஃப்ளஷை அடித்துவிடும். நாலுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவான வாய்ப்பு. விழுந்தால் அவருடைய மிச்சக் காசும் வரும், அதைச் சேர்த்தால் விலைக்குச் சரி என்று காசைப் போட்டேன்.

கடைசிச் சீட்டு டைமன் நாலு. அவர் இருந்ததையெல்லாம் தள்ளினார். அப்போதும் பத்து வெள்ளி சொச்சம்தான். நானும் தள்ளினேன். ஸ்பேட் ஏஸும் பத்தும் காட்டியவர் என் ஏழுகளைப் பார்த்ததும் "அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார். அண்ணி சமையலறையிலிருந்தே சிரித்தார். முப்பது வெள்ளிதான் என்றாலும், அதற்குமுன் எந்த மேசையிலும் எனக்கு அப்படிக் கை நடுங்கியதில்லை.

கணக்கை பேநவ்வில் தீர்த்துக்கொண்டோம். ஈப்போக்காரர் அனுப்பிய பணத்துக்குக் குறிப்பு இடத்தில் "சதிகாரன்" என்று எழுதியிருந்தார். அடுத்த ஆட்டம் அவர் வீட்டில்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். அண்ணியின் "ம்ம்" அங்கே எட்டாது என்பதுதான் அவர் சொல்லும் காரணம்.