பூமழை தவறினால் காபி வண்டுக்குக் கொண்டாட்டம்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காபிச் செடியைப் பூக்கவைக்கும் பூமழை ஒரே வீச்சில் பெய்தால் பூவும் ஒன்றாக வரும், காயும் ஒன்றாகப் பழுக்கும். காலம் தவறி விட்டுவிட்டுப் பெய்தால் செடியில் எப்போதும் ஏதாவது காய் நிற்கும். காயைத் துளைத்து வாழும் காய்த்துளைப்பான் வண்டுக்கு வேறென்ன வேண்டும்? இந்தியாவில் 1990-ல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட வண்டு இது. அது வந்ததற்கு அடையாளம், காயின் நுனித் தொப்புளில் குண்டூசி முனை அளவு ஓட்டை, ஓட்டையின் வாயில் தூள். பெண் வண்டு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வண்டின் வளர்ச்சி நின்றுவிடும். மலை சூடேறினால் அந்தக் காவலும் போச்சு.

பறிக்கும்போது கீழே படுதா விரியுங்கள். உதிர்ந்ததையும் செடியில் தங்கியதையும் ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள் (கூலி கட்டாது என்பார்கள், விட்டால் அடுத்த வருடம் அதைவிடக் கட்டாது). துளை விழுந்த காயைக் கொதிநீரில் 2-3 நிமிடம் போட்டெடுத்துக் காயவையுங்கள். அப்படியே களத்தோரம் குவித்தால் வண்டு தோட்டத்துக்கே திரும்பிவிடும்.